வாள் கழுவிய தண்ணீர்

பவ்ஸான் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கிணற்றடியில் வைத்த சாமானைப் பார்த்ததும், யாரோ பழைய போட் எஞ்சினின் சாஃப்டைத் திருத்த அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் மில்ரன் நினைத்தான். அவனில் பிழையில்லை. பள்ளிமுனையில் அவனுடைய எஞ்சின் பட்டறை இருந்த அந்த வளவுக்குள் சாக்கில் சுற்றி வருவதெல்லாம் எஞ்சின் சாமான்தான். சேறும் சிப்பியும் துருவும் அப்பி, கறுத்துத் தடித்து, ஆளின் இடுப்பளவு நீளத்தில் ஒரு கட்டை. ஆனால் குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி நிறஞ்சலா, அந்தக் கட்டையின் ஒரு முனையில் பச்சை பூத்திருந்த பித்தளைப் பிடியைக் கண்டதும் கத்தியைப் போட்டுவிட்டு எழும்பிவிட்டாள். மீன் கையோடேயே நெற்றியில் சிலுவை போட்டாள். சின்ன வயதில் அந்தப் பிடியில் புளிச்சாறு வழியும் தேசிக்காய்ப் பாதியை வைத்துத் தேய்த்தவள் அவள்.

அது சந்தியோகுமையோரின் வாள்.

விடத்தல்தீவுக்கு அப்பால், களப்போரத்தில் இருந்த ஒரு சின்னக் கிராமம் நிறஞ்சலாவின் பிறந்த ஊர். அங்கே வெள்ளைக் குதிரையில் ஏறி, வலக்கையை ஓங்கியபடி இருக்கிற சந்தியோகுமையோருக்கு ஒரு கோவில். மற்றக் கோவில்களில் சிலையாக நிற்கிற சுருவத்தின் கையில் மரவாள் இருக்கும். இங்கே உண்மை வாள். பறங்கியர் காலத்தில் யாரோ ஒருவனின் வலையில் ஏறியதாம். அதை வீட்டில் வைத்திருந்த காலம் முழுக்க அவனுக்கு ஒரு மீன்கூடப் படவில்லையாம். கோவிலில் கொண்டுபோய்க் கொடுத்த அன்று வள்ளம் தாழுமளவுக்கு மீனாம். கதையில் கண்மூக்கு வைத்தது யாரென்று தெரியாது, வாள் மட்டும் உண்மை.

நிறஞ்சலாவின் தகப்பன் அந்தக் கோவிலின் மூப்பர். திருநாளுக்குக் கொடியேற முன்னம் வாளைத் துலக்குவது மூப்பர் வீட்டுக் கடமை. அதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது. மூப்பர் வீட்டில் பிறந்த கைதான் படலாம், வாழ்க்கைப்பட்டு வந்த கைகூடக் கூடாது. புளியும் தேசிக்காயும் சாம்பலும் தென்னந்தும்பும்தான், இரும்பு படக்கூடாது. கழுவிய தண்ணீரைக் கண்ட இடத்தில் ஊற்றக்கூடாது, மரத்தடியில்தான் ஊற்றவேண்டும். அதில் ஒரு பங்கைச் சனம் போத்தலில் கேட்டு வாங்கிப்போகும். பயந்த பிள்ளைக்கும் விடாத காய்ச்சலுக்கும் ஒரு மிடறு. சுவாமிமார் எத்தனை பேர் வந்து இது மூடநம்பிக்கை என்று பிரசங்கம் வைத்தாலும், பிரசங்கம் முடிந்ததும் சனம் போத்தலோடு மூப்பர் வீட்டு வாசலில் நிற்கும்.

அந்த வாள் காணாமல் போனதோடு நிறஞ்சலாவின் தம்பி றோயும் காணாமல் போனான்.

சண்டை இறுகிய வருசம் அது. ஷெல் விழத் தொடங்க ஊர் ஒரே இரைச்சலாக வெளிக்கிட்டது. தகப்பன் முந்தியே கண்ணை மூடி மோசம் போய்விட்டார், மூப்பர் பொறுப்பு றோயின் தலையில். அவன் சுருவத்தைப் பாயில் சுற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றினான். வாளைக் கழற்றிப் பீடத்துக்குப் பின்னால் சாத்தியவன், பதகளிப்பில் அதை விட்டுவிட்டான். கனதூரம் வந்த பிறகுதான் தாய் மதலேனா சுருவத்தின் வெறுங்கையைக் கண்டாள். வாளை விட்டுவிட்டு ஓடிவந்த மூப்பன் மகன் என்று ஊர் காறித் துப்பும், போய் எடுத்துக்கொண்டு வா என்று ஏசினாள். அந்த ஏச்சை உழவு இயந்திரத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். றோய் இறங்கித் திரும்பி நடந்தான். அதற்குப் பிறகு பாதை மூடப்பட்டது, சனம் பள்ளிமுனையில் ஒதுங்கிச் சுருவத்தை அங்கே ஒரு கோவிலில் வைத்தது. அவன் வரவில்லை.

மதலேனாவைப் பெத்த பிள்ளையைத் தின்றவள் என்று ஒருவரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லையென்றாலும், அந்த ஒன்றை மட்டும் ஊர் தானாகவே மூடிவைத்தது. அவள் இடிந்துபோகாமல் இருந்ததற்கு ஒரே காரணம் யோசேப். அவன் றோயின் கூட்டாளி. சண்டைக் காலத்தில் வள்ளமேறி இந்தியாவுக்குப் போய், மண்டபம் முகாமில் இருந்துவிட்டுத் திரும்பியவன். தனுஷ்கோடி மணல்திட்டில் வந்திறங்கிய ஆட்களுக்குள் றோயைத் தான் கண்டதாகச் சொன்னான். தாய் தைத்த அடையாளம் போட்ட சாரத்தைத்தான் உடுத்திருந்தான் என்றும் சொன்னான்.

அந்தச் சாரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்த ஊரில் பெண்கள் தங்கள் வீட்டு ஆம்பிளைகள் சுற்றிக் கட்டுகிற சாரத்தில், இடுப்பில் செருகுகிற ஓரத்தில், ஒரு அடையாளம் தைப்பார்கள். வீட்டுக்கு வீடு அடையாளம் வேறு. தையல் நூல் உக்கிப்போகும் என்று வலை பின்னுகிற நைலோன் நூலால் தைப்பார்கள். மீன்பிடி வாடியில் துணி மாறிப்போகாமல் இருக்க என்று காரணம் சொல்வார்கள். கடல் ஒருவனை உருத்தெரியாமல் கரையில் போட்டால் யாரின் பிள்ளை என்று அறியத்தான் அது. எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மதலேனா மகனுக்குத் தைத்தது பச்சை நூலில் ஒரு குருசு, அதற்குக் கீழே வள்ளம் போல ஒரு வளைவு.

யோசேப்பின் சொல்லைப் பிடித்துக்கொண்டு மதலேனா இருந்தாள். ஒவ்வொரு மார்கழியிலும் நத்தார்ப் பண்டிகைக்கு மகனுக்கு ஒரு புதுச் சாரம் வாங்கி, அடையாளம் தைத்து, தன் அறை அலுமாரியில் அடுக்கிவைத்தாள். கண்ணில் புரை விழுந்து ஊசிக்கண் தெரியாமல் போன பிறகும் விரலால் தடவியே தைத்தாள். கார்த்திகையில் மரித்த ஆத்துமாக்களின் பூசைக்கு ஊரெல்லாம் பெயர் கொடுக்க, றோயின் பெயரைக் கொடுக்க விடமாட்டாள். அவனுக்கு, உயிரோடு இருக்கிறவர்களுக்குச் சொல்கிற சுகத்துக்கான பூசைதான்.

வாளைக் கொண்டுவந்த பவ்ஸானும் அந்தக் கரைக்காரன்தான். தொண்ணூறில் மற்ற முஸ்லிம் சனத்தோடு துரத்தப்பட்டுப் போய், சண்டை ஓய்ந்த பிறகு திரும்பி வந்து, விடத்தல்தீவில் கடலட்டைப் பண்ணை போட்டிருப்பவன். தேத்தண்ணியைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்காமல் பேசினான்.

"உங்கட ஊர்க் களப்பு வாய்க்கால் நடுவில கிடந்தது, தங்கச்சி. அட்டைக்கூட்டுக்குக் கம்பு இறக்கேக்க தட்டுப்பட்டது. சின்னனில உங்கட திருநாளுக்கு வந்து கடலை வாங்கித் திண்டனான், பிடியைக் கண்ட உடனே தெரிஞ்சிட்டுது. சுத்தவரக் கையால துழாவிப் பாத்தனான். வேற ஒண்டும் இல்லை."

அந்தக் கடைசிச் சொல்லை ஏன் சொன்னான் என்று நிறஞ்சலா அப்போது யோசிக்கவில்லை. யோசிக்க விட்டால்தானே? உள்ளே கட்டிலில் இருந்த மதலேனா செய்தியைக் கேட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்துவிட்டாள். வாளைத் தொடவில்லை. அவள் வாழ்க்கைப்பட்டு வந்தவள், ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. தள்ளி நின்று கும்பிட்டாள். சந்தியோகுமையோர் தன் வாளை எடுத்துக்கொண்டார், இனி அதை எடுக்கப் போனவனையும் கொண்டுவந்து விடுவார் என்றாள். கொடியேற முதல் வாள் சுருவத்தின் கையில் இருக்கவேண்டும், திருநாளுக்குள் றோய் வாசலில் நிற்பான் என்று அயலெல்லாம் சொன்னாள். அன்று பின்னேரமே சுகத்துக்கான பூசைக்குச் சொல்லி அனுப்பினாள்.

நிறஞ்சலாவுக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. சொன்னால் வெட்கம், அவளுக்கும் ஐம்பதை எட்டுகிற வயது. ஆனாலும் வாளைப் பெரிய தண்ணீர்ப் பேசினில் வைத்துப் புளிக்கரைசலை ஊற்றியபோது, இதைப் பளபளக்க வைத்தால் தம்பி வருவான் என்று நெஞ்சுக்குள் ஒன்று சொன்னது. அவள் அதை ஏசி அடக்கவில்லை.

மில்ரனுக்குக் கை துருதுருத்தது. கிரைண்டரைப் பிடித்தால் அரை மணித்தியாலத்தில் கண்ணாடி மாதிரி ஆக்கித் தருவேன், உங்கள் சந்தியோகுமையோர் அதில் முகம் பார்த்து மீசை முறுக்கலாம் என்றான். இத்தனை வருசமும் மரவாளென்று வெள்ளிப் பெயின்ற் அடித்த ஐஸ்பழக் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்ற மனுசன்தானே என்றும் சொன்னான். நிறஞ்சலா பார்த்த பார்வையில் கிரைண்டரை எடுத்து உள்ளே வைத்துவிட்டான். ஒழுங்கு ஒழுங்குதான். புளி ஊறி, துரு இளகி, தும்பால் தேய்த்து, கழுவி, திரும்ப ஊறவைப்பது. சுள்ளென்ற ஆடி வெயிலில், கிணற்றடித் தேசி மரத்தின் நிழலில் இருந்து தேய்த்தாள். முதல்நாள் சிப்பியும் சேறும் உதிர்ந்தன. அடுத்தநாள் முனைப்பக்கம் சாம்பல் நிறத்தில் இரும்பு எட்டிப் பார்த்தது.

தண்ணீர் இரத்தச் சிவப்பில் வந்தது. செய்தி பரவி, பக்கத்து வீட்டு எடித் போத்தலோடு வந்தாள். அவளின் பேத்தி பூனை பாய்ந்ததில் பயந்து, நித்திரையில் அலறிக்கொண்டிருந்தது. எடித்துக்குப் பின்னால் இன்னும் நாலைந்து போத்தல். நிறஞ்சலா ஒருவருக்கும் இல்லையென்று சொல்லவில்லை. மதலேனா முதல் தண்ணீரை ஒரு கோப்பையில் வாங்கி, புரை விழுந்த இரண்டு கண்ணிலும் ஒற்றி, மிச்சத்தைக் குடித்தாள். துவர்க்குது என்று சொல்லிச் சிரித்தாள். போத்தலுக்கு மிஞ்சியதை நிறஞ்சலா ஒழுங்குப்படி தேசி மரத்தடியில் ஊற்றினாள்.

அந்த இரண்டாம் நாள் மத்தியானம்தான் முதலில் அந்தச் சத்தம் கேட்டது. நிறஞ்சலா குசினியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் யாரோ தோய்ந்த துணியைப் பிழிகிறார்கள். முறுக்கி, தண்ணீர் கல்லில் விழ, உதறி, திரும்ப முறுக்குகிற சத்தம். மில்ரன் குளிக்கிறான் என்று நினைத்தாள். சோற்றை இறக்கிவைத்துவிட்டுப் போய்ப் பார்த்தால் கிணற்றடியில் ஒருவரும் இல்லை. மில்ரன் துறைக்குப் போய்விட்டிருந்தான். கல் மட்டும் நனைந்திருந்தது. அந்த வெயிலில் கல் காய எவ்வளவு நேரம் செல்லும்? அவள் கடைசியாகத் தண்ணீர் அள்ளியது காலையில்.

பயந்த கோழிக்கு உமியும் பாம்பு என்று தன்னையே பேசிக்கொண்டு உள்ளே வந்தாள். வந்தவளுக்குச் சீமெந்து நிலத்தில் கபிலநிறச் சொட்டுகள் தெரிந்தன. பின்வாசலில் தொடங்கி, தாயின் அறைக்குள் போய், சாரங்கள் அடுக்கியிருந்த அலுமாரிக்கு முன்னால் நின்றன. அவள் பேசினை வீட்டுக்குள் கொண்டுவரவே இல்லை. துணியை எடுத்துத் துடைத்தாள். துடைத்த துணியில் களப்போரக் கண்டல் சேறு மணத்தது. கட்டிலில் கிடந்த மதலேனா முகத்தைத் திருப்பி, சாதாரணமாகக் கேட்டாள்.

"ஆர் பிள்ளை அது, ஈரத்தோட நிக்கிறது? உடுப்பை மாத்தச் சொல்லு. தடிமன் பிடிக்கும்."

சொல்லுறன் என்று சொல்லிவிட்டு நிறஞ்சலா வெளியே வந்து, செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரும்பத் தேய்க்க இருந்தாள். பயம்தான். ஆனால் பயத்துக்குள்ளே ஒரு சந்தோசமும் இருந்தது, அதையும் மறைப்பதற்கில்லை. வருகிறவன் எப்படி வந்தாலும் தம்பிதானே.

மறுநாள் பிடியை நெருங்கினாள். அங்கே துரு ஒரு உள்ளங்கையளவுக்குத் தடித்துப் படிந்திருந்தது. சேற்றைத் தும்பால் மெல்ல எடுத்ததும், துருவில் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிந்தன. இழை மேலும் கீழுமாகப் போய்வந்த நெசவு. துணி இல்லை, தொட்டுப் பார்த்தால் கல்லுப் போல இரும்புத் துரு. ஆனால் ஒவ்வொரு இழையும் அப்படியே இருந்தது. மில்ரனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தான். பகிடி விடவில்லை.

"இரும்பு துணியைத் திண்டிட்டு, அதின்ர உருவத்தை வைச்சிருக்கு," என்றான்.

சாக்கில் சுற்றிப் புதைத்திருப்பான் போல என்று நிறஞ்சலா சொன்னாள். சாக்கு இவ்வளவு மெல்லிய நெசவில்லை என்று அவளுக்கே தெரியும். சுற்றியதும் இல்லை அது. சுற்றியிருந்தால் இரண்டு பக்கமும் பதிந்திருக்கும். இது ஒரு பக்கம் மட்டும், குறுக்காக, ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து கிடந்தது. இரண்டு கையும் நீந்த வேண்டியவன் ஒரு பொருளை இடுப்பில் செருகினால் சாரம் எப்படி மடியுமோ, அப்படி. மில்ரனும் அதைக் கண்டுகொண்டான். எழும்பிப் போய்ப் பட்டறையில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

அவள் தும்பைப் போட்டுவிட்டு விரல் நுனியால் தேய்த்தாள். மடிப்பின் ஓரத்தில் பச்சையாக ஏதோ தெரிந்தது. பாசி என்று நினைத்து நகத்தால் சுரண்டினாள். பாசி வழுக்கும், இது நகத்தில் கொழுவியது. தேசிப்புளியைப் பிழிந்துவிட்டுப் பார்த்தாள். நைலோன் நூல். குறுக்காக ஒரு தையல், நெடுக்காக ஒரு தையல். கீழே வள்ளம் போல ஒரு வளைவு.

தேசிக்காய் எங்கே விழுந்தது, தான் எப்போது வாளின் மேல் ஈரச்சாக்கைப் போட்டு மூடினாள் என்றெல்லாம் அவளுக்குப் பிறகு ஞாபகமில்லை. ஒன்று மட்டும் ஞாபகம். பேசினில் மிச்சமிருந்த சிவப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். அதை எங்கே ஊற்றுவது என்று தெரியவில்லை.

யோசேப்பின் கடை துறைக்குப் போகிற வழியில் இருந்தது. தூண்டிலும் ஈயக்குண்டும் விற்கிற சின்னக் கடை. அவள் வெயிலோடு வெயிலாக வந்து நிற்கிறதைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டான். அவள் இருக்கவில்லை. தனுஷ்கோடியில் நீ கண்டது றோயைத்தானா என்று கேட்டாள். அவன் தூரத்தில் கண்டதாகவும், அதே உயரம் அதே நடை என்றும், அவ்வளவு சனத்துக்குள் கூப்பிட்டுப் பார்க்க முடியவில்லை என்றும் இழுத்தான். அந்தச் சாரம் என்று கேட்டாள். யோசேப் தூண்டில் பெட்டியை மூடினான், திறந்தான்.

"அம்மாதான் கேட்டவ, அக்கா. எங்கட தையல் போட்ட சாரமோ உடுத்திருந்தவன் எண்டு. அவவின்ர முகத்தைப் பாத்தனான். ஓம் எண்டனான்."

அவனை ஏசவேண்டும் என்று வந்தவளுக்கு ஏச வரவில்லை. அந்த முகத்துக்கு முன்னால் நின்றிருந்தால் அவளும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பாள்.

அன்று முழுக்க அவள் வாளைத் தொடவில்லை. தாய்க்கு என்ன சொல்வது? மகன் செத்துவிட்டான் என்றா, உங்கள் ஏச்சைக் கேட்டுத் திரும்பிப் போனவன் அந்த வாய்க்காலையே தாண்டவில்லை என்றா? அதையும்விட ஒன்று அவளை இருக்கவிடவில்லை. இரும்பு தின்றது துணியை மட்டுமா? அவனை இடுப்போடு அணைத்துக்கொண்டு கிடந்த துருவல்லவா அது? அதை அவள் புளியில் கரைத்துக் கரைத்துப் போத்தலில் ஊற்றி ஊருக்குக் கொடுத்திருக்கிறாள். பெத்தவளின் கையில் கோப்பையைக் கொடுத்ததும் அவள்தான். மில்ரன் ஆறுதல் சொல்லப் பார்த்தான். நெசவு இருக்கிற இடத்தைத் தொடாமல் மற்றதை மட்டும் துலக்கிக் கோவிலுக்குக் கொடுத்துவிடுவோம், அம்மாவுக்குத் தெரியாமலே போகட்டும் என்றான். அவளுக்கும் அது சரி போலத்தான் பட்டது. ஏற்கெனவே யோசேப் ஒரு பொய்யில் அந்த மனுசியை இவ்வளவு காலம் உயிரோடு வைத்திருந்தான், இன்னும் கொஞ்சக் காலத்துக்கு ஒரு பொய் தாங்காதா?

மதலேனாவுக்குக் கண்தான் தெரியாது, காது பாம்புக் காது. அடுத்தநாள் காலை கட்டிலில் எழும்பி இருந்துகொண்டு, நேற்று முழுக்கத் தும்புச் சத்தம் கேட்கவில்லையே, ஏன் என்று கேட்டாள். புளி முடிந்துவிட்டது என்றாள் மகள். மதலேனா கட்டிலோரத்துக்கு நகர்ந்து காலைத் தொங்கப்போட்டாள். பிறகு, வாளை இங்கே கொண்டுவா, நான் ஒருக்காத் தடவிப் பார்க்கிறேன் என்றாள்.

"நீங்கள் தொடக்கூடாதம்மா. அது ஒழுங்கில்லை."

"தொடாமல்தானே இவ்வளவு காலமும் இருந்தனான். கொண்டுவா."

நிறஞ்சலா கொண்டுவந்தாள். அவளால் முடிந்த ஒரேயொரு சூழ்ச்சி, நெசவு இருந்த பக்கம் கீழே போக, வாளைத் தாயின் மடியில் வைத்ததுதான். மதலேனாவின் விரல்கள் முனையிலிருந்து பிடிவரைக்கும் மெல்ல வந்தன. நல்லாத் துலங்கியிருக்கு என்றாள். பிறகு வாளைத் திருப்பினாள்.

விரல்கள் நெசவில் ஏறின. அங்கே நின்றன. மடிப்பின் ஓரமாக நகர்ந்து, நூலைத் தொட்டு, குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை, வளைவில் ஒருமுறை போய்வந்தன. கண் தெரியாத காலத்திலும் ஒவ்வொரு நத்தாருக்கும் போய்வந்த வழி அது. மகள் சுவரோடு சாய்ந்து நின்றாள். தாய் அலறுவாள், நெஞ்சில் அடிப்பாள், பிடித்துக்கொள்ள வேண்டும் என்று மில்ரன் வாசலில் வந்து நின்றான். மதலேனா அலறவில்லை. விரலை அந்தத் தையலிலிருந்து எடுக்காமல் சொன்னாள்.

"கொண்டு வா எண்டு அனுப்பினனான். கொண்டுவந்திட்டான்."

அதற்குப் பிறகுதான் அழுதாள். சத்தமில்லாமல், வாய் திறந்தபடி, வாளை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நிறஞ்சலா தாயின் காலடியில் இருந்து தானும் அழுதாள். இத்தனை வருசம் இரண்டு பேரும் சேர்ந்து அழ ஒரு இடம் கிடைத்ததில்லை.

அழுது ஓய்ந்ததும் மதலேனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுடுதண்ணீர் வைக்கச் சொன்னாள். வாளுக்குப் பச்சைத்தண்ணீர்தானே என்று நிறஞ்சலா கேட்டாள்.

"வாளுக்கில்லை. இவ்வளவு காலமும் குளிருக்கை கிடந்தவன். இளஞ்சூட்டில கொண்டுவா. அலுமாரியில மேலால இருக்கிற சாரத்தையும் எடு."

பிரேதத்தைக் குளிப்பாட்டுவது போலவே அவள் குளிப்பாட்டினாள். ஒழுங்குப்படி தொடக்கூடாத கை அது. மகள் தடுக்கவில்லை. புதுச் சாரத்தை நிலத்தில் விரித்து, அதன் மேல் வாளை வைத்து, பஞ்சைச் சுடுதண்ணீரில் தோய்த்து, நெசவின் மேல் ஒற்றி ஒற்றி இளக்கினாள். துரு செதில் செதிலாகக் கழன்று சாரத்தில் விழுந்தது. கடைசியில் பச்சை நூல் தனியாகக் கையில் வந்தது. அதை உதட்டில் வைத்து முத்திவிட்டுத் துருவின் நடுவில் வைத்து, சாரத்தை நாலாக மடித்துக் கட்டினாள். ஒரு சொட்டுத் தண்ணீரையும் வெளியே ஊற்றவில்லை. தேசி மரத்தடியில் முந்தி ஊற்றிய இடத்தைக் கேட்டாள். சிவப்பாக நனைந்திருந்த அந்த மண்ணையும் அள்ளி வரச்சொன்னாள். மில்ரன்தான் அள்ளினான். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது, புளி தெறித்துவிட்டது என்று பொய் சொன்னான்.

துருவை அடக்கம் செய்ய முடியுமா என்று சுவாமி முதலில் தயங்கினார். உடல் இல்லையே என்றார். அவனுடைய இரத்தம் இதற்குள் இல்லையென்று உங்களால் சொல்ல முடியுமா சுவாமி என்று மதலேனா கேட்டாள். திருநாள் முடியட்டும், அதற்குப் பிறகு செய்வோம் என்றார் சுவாமி. சுகத்துக்கான பூசைக்குக் கொடுத்த பெயரை மரித்தவர்களின் பூசைக்கு மாற்றி எழுதச் சொல்லிவிட்டு மதலேனா வீட்டுக்கு வந்தாள்.

கொடியேறிய நாளன்று சந்தியோகுமையோர் தன் பழைய வாளை ஓங்கி நின்றார். கும்பிட வந்த சனம் பளபளப்பைப் பார்த்து மலைத்தது. பிடிக்குக் கிட்ட ஒரு பக்கத்தில் உள்ளங்கையளவுக்கு மட்டும் இரும்பு கறுத்துக் குழிந்திருந்தது. எவ்வளவு தேய்த்தும் அது போகவில்லை, போகவேண்டும் என்று நிறஞ்சலா தேய்க்கவும் இல்லை. திருநாள் முடியுமட்டும் றோய் வீட்டிலிருந்தான். தாயின் அறை அலுமாரியில், தனக்கென்று அடுக்கிவைத்த சாரங்களுக்கு நடுவில். அந்த நாட்களில் கிணற்றடியில் சத்தம் கேட்கவில்லை, நிலத்தில் ஈரம் இல்லை. மதலேனா மட்டும் மத்தியானத்தில் அலுமாரிக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டு, காற்றுப் படட்டும் என்பாள்.

அடக்கத்துக்கு நிறையச் சனம் வந்தது. யோசேப் பெட்டியைத் தூக்கினான், சின்னப் பெட்டிதான், ஒரு ஆள் போதும். பவ்ஸான் கல்லறைகள் இருந்த சேமக்காலைக்கு வெளியே தொப்பியோடு நின்றான். நிறஞ்சலா போய் உள்ளே கூட்டிவந்தாள். சின்னப் பெட்டிதான், ஒரு ஆள் போதும். குழிக்குள் இறக்கிச் சனம் மண் போடத் தொடங்கியபோது, எடித் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் போத்தல். பாதிக்கு மேல் முடிந்து, அடியில் சிவப்பாகக் கொஞ்சம் கிடந்தது. அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்களும் தங்கள் தங்கள் போத்தல்களோடு நின்றார்கள். யாரும் கூப்பிட்டு அவர்கள் வரவில்லை. எங்களுக்குத் தெரியாமல் போச்சே மதலேனாக்கா, பிள்ளைக்கும் பருக்கி நானும் குடிச்சிட்டனே என்றாள் எடித்.

மதலேனா குரல் வந்த பக்கம் திரும்பினாள். பேத்தி இப்போது நித்திரையில் அலறுகிறாளா என்று கேட்டாள். இல்லை, அன்றைக்குப் பிறகு அலறவில்லை என்றாள் எடித்.

"பேந்தென்ன. அவன் ஒருக்காலும் பிள்ளையளைப் பயப்பிடுத்தினதில்லை," என்றாள் மதலேனா. கையை நீட்டி எடித்தின் கையைத் தேடிப் பிடித்தாள். "நானும் குடிச்சனான். இந்த வயித்திலயிருந்து வந்தவன், கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறான். மிச்சத்தை ஊத்து."

எடித் ஊற்றினாள்.